கட்டில் திரும்பும் அகலம்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு வீட்டை விட்டு வெளியே வரும்போது ஆறுமுகத்தாய் அக்கா நேராக நடந்து வரமாட்டார். முதலில் தன் பொம்மையை வாசலுக்கு உள்பக்கம் நிறுத்தி, அதன் முகத்தை வீட்டைப் பார்க்கத் திருப்புவார். பிறகு நடுவிரலைக் கீழ்நோக்கிய அம்பு போட்ட விசையில் வைத்து அழுத்துவார். பொம்மை பின்னோக்கி நடக்கும். படி இறங்கி, வீடுகளுக்கு நடுவே போகும் முடுக்கில் வந்து நிற்கும். அங்கே விரலை எடுத்துவிட்டு ஒரு மூச்சு விடுவார். இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பார், வலப்பக்கம் கொஞ்சம். மறுபடி விரல் விசைக்குப் போகும். கிணறு இருக்கும் வளைவில் விரலின் அழுத்தம் குறைந்து, பொம்மை அரையடி அரையடியாக நகரும். முதுகு சுவரில் உரசும்வரை போய், நின்று, திரும்பி, அப்புறம் சாலை. சாலைக்கு வந்த பிறகுதான் பொம்மையின் முகம் முன்பக்கம் திரும்பும்.

தன் வீட்டுக்கு மட்டும் என்றில்லை. தெருவில் யார் வீட்டுக்குள் போனாலும் இப்படித்தான் வெளியே வந்தார்.

வீரபாண்டி அண்ணாச்சிக்கு அது பெரிய வேடிக்கை. "திருவேங்கடம் போற டவுன் பஸ்சு ஸ்டாண்டுக்குள்ள பின்னால வார மாதிரில்லா மதினி வாராக. யாராவது விசில் ஊதுங்க வே" என்பார். அறையே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். ஆனால் விரலை எடுக்கமாட்டார்.

இது நடந்தது சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் தாவீது சாரின் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில். வாரநாட்களில் அங்கே நான் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறேன். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில், தாவீது சார் கோயிலுக்குப் போய் ஆராதனை முடித்து வந்து கதவைத் திறந்ததும், ஓடைக்கரைத் தெரு ஆட்கள் மாடிப்படி ஏறி வருவார்கள். கீழ்ப்படியில் செருப்புகள் குவியும்.

இரண்டு மார்கழிக்கு முந்தைய மழையில் அவர்கள் தெருவின் மண்சுவர் வீடுகள் பாதிக்கு மேல் கரைந்து ஓடையோடு போயிருந்தன. ஊருக்கு வெளியே, மேட்டில், நீளமான ஒரு துண்டு நிலம் கிடைத்தது. ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டித்தர முன்வந்தது. குடியிருக்கப் போகிறவர்களே சேர்ந்து உட்கார்ந்து தங்கள் தெருவை வடிவமைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். முதலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய தாளில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். எல்லாரும் குனிந்து பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். வரைபடத்தைத் தலைகீழாக வைத்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று வடிவமைப்பாளர் பிரேமலதா மேடம் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அவர் அந்தத் தெருவைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினார்.

நிறுவனத்தின் அறிவிப்பில் அதற்கு மெய்நிகர் உலகம் என்று பெயர். எங்கள் மாடியில் அது 'பொம்மை ஊர்'. ஆளுக்கொரு பொம்மை. மேடம் மதுரையில் இருந்துகொண்டே மஞ்சள் தொப்பி போட்ட பொம்மையாக வருவார். அவரோடு வேலைசெய்யும் இரண்டு பேர் வேறு வேறு ஊர்களிலிருந்து வருவார்கள். சுவரைப் பிடித்து இழுத்தால் நகரும். சன்னலைத் தூக்கி வேறு சுவரில் வைக்கலாம். வீரபாண்டி அண்ணாச்சியின் மனைவி பூமாரி அடுப்படியைத் தெற்கே கொண்டுபோய், பிடிக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். பூக்கட்டி விற்கும் மெஹர்பானு வாசலுக்கு முதல் வேலையாகத் திரைச்சீலை போட்டார். சுமைவேலை பார்க்கும் பேச்சிராஜ் தன் ஆடு எங்கே நிற்கும் என்று கேட்டார். பொம்மை ஊரில் ஆடு இல்லை. மேடம் ஒரு நாய்க்குக் கொம்பு வைத்து அனுப்பினார்.

அந்த ஊரில் மழை பெய்யாது. மேலைக்காற்று அடிக்காது. சாக்கடை மணக்காது. ஆனாலும் அவர்கள் அதற்குள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள், யாரோ ஒருவர் வீட்டுக்குள் வந்திருப்பதுபோல.

ஆறுமுகத்தாய் அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பிறந்தது பனவடலிசத்திரம் பக்கம், கரிசல் காட்டில். வாக்கப்பட்டு வந்தது ஓடைக்கரைத் தெருவுக்கு. விசைத்தறிக்கு நூல் சுற்றிக்கொடுக்கும் வேலை. அறுந்த நூலைப் பார்க்காமலேயே முடிச்சுப் போடும் விரல்கள் என்பதாலோ என்னவோ, விசைப்பலகை அவருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. ஒரே மகள் பொன்மணி கட்டிக்கொடுத்து திருப்பூரில் இருக்கிறாள். கணவர் சுடலைமணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மழை வருவதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார்.

வீட்டுக்குள் அவர் எதையும் மாற்றவில்லை. அடுப்படி எங்கே இருக்கட்டும் என்று மேடம் கேட்டால், இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் என்பார். அவர் வேலையெல்லாம் முடுக்கில்தான். பின்னோக்கி நடப்பதும், வளைவில் நிற்பதும்.

வைகாசி முடியும் சமயம், தெருவின் வடிவம் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டிருந்தது. முடுக்கின் அகலம் ஆறடி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அது தாராளமாகவே தெரிந்தது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் போய்வந்தாலும் யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஆடி பிறந்துவிட்டால் அஸ்திவாரம் தோண்டமாட்டார்கள் என்பதால் ஆனிக்குள் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட வேண்டும். அன்றைக்கு மேடம், இதோடு இறுதி செய்துவிடலாமா என்று கேட்டார். எல்லாரும் சரி என்றார்கள்.

ஆறுமுகத்தாய் அக்கா மட்டும், கிணத்து மூலை பத்தாது என்றார்.

எதற்குப் பத்தாது என்று மேடம் கேட்டார். அக்கா பொம்மையைப் பின்னால் நகர்த்திக் காட்டினார். வீரபாண்டி அண்ணாச்சி விசில் அடித்தார். மேடம் சிரிக்கவில்லை. "ஆறுமுகத்தாயம்மா, நானும் பல வாரமா பாக்குறேன். நீங்க ஏன் பின்னாடியே நடக்குறீங்க?" என்று ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரவுகளை ஜமக்காளத்துல வச்சுத்தான் கொண்டு போனாக, மேடம். பழைய முடுக்குக்குள்ள பாடை வரலை. ரோட்டுலயே கட்டி வச்சிருந்தாக. நாலு பேரு நாலு முனையைப் பிடிச்சுக்கிட்டு, முன்னால பிடிச்சவுக பின்னாலயே நடந்து போனாக. மூலையில திரும்பும்போது அவுக தலை சுவத்துல இடிச்சுது. செத்தவுகளுக்கு வலிக்கவா போகுதுன்னு எல்லாரும் சொன்னாக. எனக்கு அந்தச் சத்தம் கேட்டுதுல்லா."



மேடம் மெதுவாக, அது யார் வீட்டுச் சுவர் என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. பழைய தெருவில் சுவர்கள் எப்படி முன்னால் நீண்டன என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்டிருப்பார். பூமாரி தன் வளையலைத் திருகினார். வீரபாண்டி அண்ணாச்சி முகத்தைத் திருப்பிச் சன்னலுக்கு வெளியே பேருந்துகளைப் பார்த்தார். அந்தத் திரும்பலை நான் பார்த்தேன். சரி, இவர் வீட்டுச் சுவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏதோ ஒரு சுவரு, மேடம்" என்றார் அக்கா.

புது நிலத்தின் நடுவே ஒரு பழைய பொதுக்கிணறு இருந்தது. அதை மூடக்கூடாது என்று உத்தரவு. அதனால் முடுக்கு அதைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். வளைவை அகலப்படுத்த ஒரே வழி, அங்கே இருக்கும் மூலைவீட்டின் முன்மூலையை வெட்டுவது. குலுக்கலில் அந்த வீடு வீரபாண்டி அண்ணாச்சிக்கு விழுந்திருந்தது.

அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுத்தவர் தறியை ஓட்டுகிறவர். பொம்மை ஊருக்குள் வந்த முதல் நாளே அவர் கேட்டது ஒரு தறி. மேடம் அளவு கேட்டு, ஒரு மரப்பெட்டியைத் தறி அளவுக்கு நீட்டி, முன்னறையில் வைத்துக்கொடுத்தார். சொந்தத் தறி ஒன்று வீட்டில் நின்றால் அவரும் பூமாரியும் மாறிமாறி ஓட்டலாம். யார் கூப்பிடுகிறார்கள் என்று காலையில் காத்து நிற்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வீடு முழுக்கச் சுற்றிப்பார்க்கும்போது அவர் பொம்மை தறிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மூலையை வெட்டினால் அந்த அறைக்குள் தறி நிற்காது. மேடம் குறுக்கே திருப்பி வைத்துப் பார்த்தார், அடுப்படியைச் சுருக்கிப் பார்த்தார். நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதுவே பேச்சாக இருந்தது. வீரபாண்டி அண்ணாச்சி முதலில் நியாயமாகத்தான் பேசினார். பழைய முடுக்கு மூன்றடிகூட இல்லை, இது ஆறடி, இரண்டு மடங்கு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டதைக் கடைசி நேரத்தில் மாற்றுவது முறையில்லை என்றார். பிறகு குரல் ஏறியது.

"நாளைக்குப் பால் காய்ச்சப் போற வீடு. இன்னைக்கே பாடையைப் பத்திப் பேசுதீயளே மதினி, நல்லாவா இருக்கு?"

"அந்த வீட்டுல இருக்கப் போறவுகதான கொழுந்தனாரே ஒருநாள் போவணும்" என்றார் அக்கா.

பாதிப் பேர் அண்ணாச்சி பக்கம் நின்றார்கள். வீடே எழும்பவில்லை, அதற்குள் இந்தப் பேச்சு வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். மெஹர்பானு மட்டும் திரைச்சீலையை விட்டுவிட்டு, "அக்கா சொல்லுததுல என்ன தப்பு? எங்க பள்ளிவாசல்ல இருந்து பாடைக்குப் பதிலா சந்தூக்கு வந்தா அதுவும் அந்த மூலையில திரும்பணும்லா" என்றார். அண்ணாச்சி, எல்லாருமா சேர்ந்து என் வீட்டுலயே சாவுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

கணினியை அணைக்காமல் போயிருந்தார். அவர் பொம்மை தறிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. ஆறுமுகத்தாய் அக்கா தன் பொம்மையைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலுக்கு எதிரே முடுக்கில் நிறுத்தினார். உள்ளே போகவில்லை. கூட்டம் கலையும்வரை இரண்டு பொம்மைகளும் அப்படியே நின்றன. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

அந்த வாரம், பகல் வேலை முடிந்து தலையில் பஞ்சுத்தூசியோடு அக்கா தனியாக மாடிக்கு வந்தார். பொம்மை ஊரைத் திறந்துவிடச் சொன்னார். பிறகு, "தம்பி, இதுக்குள்ள கட்டில் கெடைக்குமா?" என்று கேட்டார்.

தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அதை நாலு பேர் சேர்ந்து தூக்க முடியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. முடுக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அக்காவின் பொம்மை கட்டிலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. இன்னொரு கணினியைத் திறந்து என் பொம்மையை எதிரே நடத்தினேன். இரண்டும் ஒன்றின் ஊடாக ஒன்று கடந்துபோயின, புகைக்குள் புகை போவதுபோல. இத்தனை வாரமும் அந்த ஆறடி எல்லாருக்கும் போதுமானதாகத் தெரிந்ததன் காரணம் அதுதான். பொம்மை ஊரில் யாருக்கும் தோள் இல்லை.

மேடத்துக்கு எழுதினேன். அவர் உடனே அழைத்தார். இணைய வேகம் குறைவாக இருக்கும் இடங்களில் ஒருவர் வழியை ஒருவர் மறித்துக்கொண்டு நின்றுவிடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்ததாகச் சொன்னார். அகலத்தைக் கேட்கும் முன்பே அதை மாற்றியிருக்க வேண்டும், தனக்குத் தோன்றவேயில்லை என்றார். அக்காவிடமும் அதைச் சொன்னார். அக்கா, அதனால என்ன மேடம், உடம்பு குடுத்துப் பாருங்க என்றார்.

ஆனியின் கடைசி ஞாயிறு. வீரபாண்டி அண்ணாச்சி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். பூமாரி கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி வந்து தன் வழக்கமான கணினியில் உட்கார்ந்தார்.

மேடம் விஷயத்தைச் சொன்னார். பொம்மைகளுக்கு இப்போது உடம்பு உண்டு, சுவருக்கும் உண்டு. நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டிலிருந்து சாலைவரை வர வேண்டும். வளைவு போதுமா போதாதா என்று அவர் சொல்லப் போவதில்லை. பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். கட்டில் என்றே சொன்னார். வேறு எந்தச் சொல்லையும் யாரும் சொல்லவில்லை.

"கட்டிலா? யாருக்கு வே சீரு?" என்றார் அண்ணாச்சி. குரலில் பழைய கேலி பாதிதான் இருந்தது.

"எம் மவளுக்குன்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் மெஹர்பானு.

எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மெஹர்பானுவின் மகள் கட்டில் என்றே பேசினார்கள். தேக்கா வேம்பா என்று ஒருவர் கேட்டார். மெத்தையோட தூக்கணுமா என்று இன்னொருவர் கேட்டார். அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது என்னவென்று தெரியும்.

முன்பக்கம் இரண்டு பேர், பின்பக்கம் இரண்டு பேர். ஆறுமுகத்தாய் அக்கா முன்னால் இடப்பக்கம் எடுத்துக்கொண்டார். பேச்சிராஜும் பூமாரியும் பின்னால். முன்னால் வலப்பக்கம் காலியாக இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பொம்மை வெளியே வந்து, முடுக்கு முழுவதும் நடந்து, கடைசி வீட்டுக்குள் நுழைந்து, அந்த இடத்தில் நின்றது.

நாலு பேரும் ஒரே நேரத்தில் விசையை அழுத்தினால்தான் கட்டில் சமமாக எழும்பும். முதல் தடவை பேச்சிராஜின் முனை மட்டும் தரையில் கிடந்தது. "மார்க்கெட்டுல மூட்டை தூக்குதவன், பொம்மைக் கட்டிலைத் தூக்க மாட்டேங்கான் பாரு" என்று யாரோ சொல்லச் சிரித்தார்கள். அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு.

இரண்டாம் தடவை எழும்பியது. அக்கா தன் பொம்மையின் முகத்தைக் கட்டிலைப் பார்க்கத் திருப்பினார். வீரபாண்டி அண்ணாச்சியும் பார்த்துவிட்டு அப்படியே திருப்பினார். முன்பக்கத்து இருவரும் பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்கள். வாசல், படி, முடுக்கு. ஒவ்வொரு இடத்திலும் அக்காவின் பொம்மை எங்கே கால் வைக்கும் என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை வாரங்களாக அதைப் பார்த்துத்தான் சிரித்திருந்தார்கள்.

நேரான இடத்தில் தடங்கல் இல்லை. தோள்கள் மட்டும் சுவரை ஒட்டி வந்தன. கிணற்று மூலையில் கட்டில் பாதி திரும்பி நின்றுவிட்டது. பின்னால் இருந்த பூமாரி தள்ளினார். கட்டிலின் தலைப்பக்க முனை வீரபாண்டி அண்ணாச்சி வீட்டுச் சுவரில் இடித்தது.

டொக் என்று ஒரு சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது.

பொருள்களுக்கு உடம்பு கொடுத்தால் மோதும்போது மரச்சத்தம் வரும் என்பது மேடத்துக்கே அப்போதுதான் நினைவு வந்திருக்கிறது. "ஐயோ, அந்த ஒலியை அணைக்கணும்" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. அதற்குள் அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அக்கா விசையிலிருந்து கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். முகம் மாறவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தார். கட்டில் அந்தரத்தில் மூலையோடு முட்டிக்கொண்டு நின்றது.

கீழே ராயகிரி பேருந்துக்கு ஆள் கூப்பிடும் சத்தம் வந்து போனது. வீரபாண்டி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"மேடம், அந்த மூலைய எடுத்துருங்க."

மேடம் உடனே செய்யவில்லை. தறி நிற்காதே அண்ணாச்சி, பூமாரியம்மாவிடமும் கேளுங்கள், அடுத்த வாரம்கூடச் சொல்லலாம் என்றார். அண்ணாச்சி பூமாரியைப் பார்த்தார். பூமாரி தலையை ஆட்டினார்.

"தறியைப் பொறவு பாத்துக்கிடலாம். எடுங்க" என்றார் அண்ணாச்சி. "மதினி, கையை வைங்க. நடுவழியில நிக்கக் கூடாது."

எங்கள் கண்ணெதிரே சுவர் மூலை சாய்வாக வெட்டுப்பட்டு உள்ளே போனது. முன்னறை சிறுத்தது. தறியாக நின்ற மரப்பெட்டி சுவரைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியே தெரிந்தது. மேடம் அதை எடுத்துவிட்டார். அக்கா மறுபடி கையை விசையில் வைத்தார். கட்டில் திரும்பியது. எங்கும் படவில்லை. சாலைக்கு வந்து நின்றார்கள்.

இனி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கன எறக்கி வைக்க என்று பேச்சிராஜ் கேட்டார். பொம்மை ஊர் அந்தச் சாலையோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வெறும் சாம்பல் நிறம். நாலு பொம்மைகளும் கட்டிலைத் தூக்கியபடி அந்த ஓரத்தில் நின்றன. அக்காதான் முதலில் விரலை எடுத்தார்.

ஆடிக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. மறுவருஷம் தை மாதம் பால் காய்ச்சினார்கள். நானும் தாவீது சாரும் போயிருந்தோம். மேடம் மதுரையிலிருந்து வந்திருந்தார். மஞ்சள் தொப்பி இல்லாததால் பேச்சிராஜுக்கு முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை. கிணற்று மூலையில் முடுக்கு தாராளமாகத் திரும்புகிறது. மெஹர்பானுவின் மகளுக்கு நிஜமாகவே கல்யாணமாகி, அவளுடைய கட்டிலும் பீரோவும் அதே வளைவில் திரும்பி வெளியே போயின. அந்தத் தெருவில் இதுவரை சாவு விழவில்லை. வீரபாண்டி அண்ணாச்சி இன்னும் அடுத்தவர் தறியைத்தான் ஓட்டுகிறார். வெட்டின மூலையில் பூமாரி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்.

ஆறுமுகத்தாய் அக்கா தன் வீட்டு வாசலிலிருந்து மற்ற எல்லாரையும்போல முன்னால் நடந்துதான் வருகிறார். பால் காய்ச்சிய அன்று, எல்லாரும் சாப்பிடும் நேரத்தில், வளைவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து அளப்பதை மட்டும் பார்த்தேன். நான் பார்த்ததைக் கவனித்ததும் கையை இறக்கிக்கொண்டு, சாப்பிட்டியா தம்பி என்று கேட்டார்.

இதையெல்லாம் எழுதும் எண்ணம் வந்தபிறகு, பழைய தெருவை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பங்குனியில் ஒரு சாயங்காலம் போனேன். கரையாமல் மிஞ்சிய சுவர்களை இடிப்பதற்கு இயந்திரம் வந்து நின்றிருந்தது. தன் பழைய வீட்டுக் கதவுநிலையைக் கழற்ற வீரபாண்டி அண்ணாச்சி வந்திருந்தார். முடுக்கு உண்மையிலேயே மூன்றடிகூட இல்லை. வளைவில் செங்கல் சுவர் ஒன்று வழிக்குள் துருத்திக்கொண்டு நின்றது. மற்ற மண்சுவர்கள் போய்விட்ட இடத்தில் அது மட்டும் உறுதியாக நின்றது. தோள் உயரத்தில் சாந்து உதிர்ந்திருந்தது.

இதுதானா அந்தச் சுவர் என்று கேட்டேன். ஆமா என்றார். அவர் வருத்தப்படக்கூடாது என்று நினைத்து, அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தானே வீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக் கட்டினார்கள் அண்ணாச்சி என்றேன்.

அவர் கதவுநிலையை அப்படியே தரையில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குப் புரிய சிறிது நேரமாயிற்று.

"இது எங்க சுவரு இல்ல தம்பி. மதினி வீட்டுக் குளியலறை. இருட்டுல ஓடைக்கரைக்குப் போவ வேண்டாம்னு, மதினிக்காக சுடலைமணி அண்ணன் அவராவே கல்லு தூக்கிக் கட்டுனது. தெருவுக்கே தெரியும். நாந்தான் சாந்து கொழைச்சுக் குடுத்தேன்."